அப்பா பெயரில் வந்த பழைய பாக்கி

பழைய கடன் என்று சொல்லி யாராவது போன் செய்தால் "கட்டுகிறோம்" என்றும் சொல்லாதீர்கள், "கட்ட மாட்டோம்" என்றும் சொல்லாதீர்கள். "எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். இந்தப் பதிவில் நான் சொல்லவந்தது இதுதான். ஆனால் இதை மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் வந்துச்சு, பயந்துபோய் கட்டிட்டோம்" என்று சொன்னவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

அப்பா 2016-ல் இறந்தார். அம்மா மதுரையில் தனியாக இருக்கிறாள். ஒரு நாள் காலையில் அம்மாவின் செல்போனுக்கு அழைப்பு. அப்பா பெயரை இனிஷியலோடு சரியாகச் சொல்லி, "சார் வீடுங்களாம்மா?" என்று மரியாதையாகத்தான் பேச்சு தொடங்கியிருக்கிறது. சார் 2007-ல் ஒரு வங்கியில் பெர்சனல் லோன் வாங்கினார், பாக்கி நிற்கிறது, வட்டியோடு 3,84,000 ரூபாய். அவர் இறந்துவிட்டார் என்று அம்மா சொன்னதும் குரல் மாறவில்லையாம். "அப்போ உங்க பையன்தாம்மா கட்டணும். அப்பா கடனைப் பையன் கட்டணும்னு சட்டமே இருக்கு. இன்னைக்கு அஞ்சாயிரம் டோக்கன் போட்டீங்கன்னா ஃபைலை நிறுத்தி வைக்கலாம். இல்லேன்னா ஆளுங்க வீட்டுக்கு வருவாங்க, தெருவுல நாலு பேரு கேட்பாங்க, எங்களைச் சொல்லக்கூடாது."

அந்த "நாலு பேரு" என்ற சொல்லுக்குத்தான் அம்மா விழுந்தாள். எனக்குப் போன் செய்தபோது அவள் கேட்டது சட்டம் என்ன சொல்கிறது என்றில்லை. "வளையலை வச்சாவது கட்டிடலாம்டா. அவரு கடன் வச்சுட்டுப் போனாருன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது" என்றாள். ஐயாயிரத்தை எந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும் என்று காலண்டர் ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தாள். அது ஒரு தனி ஆளின் யுபிஐ எண்.

அப்பா லோன் வாங்கியதாகச் சொன்ன அந்த நாள்களை நினைவு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 2006, 2007 வாக்கில் தனியார் வங்கிகளின் ஏஜென்ட்கள் ஆலை வாசலிலும் அலுவலக வாசலிலும் நின்று பெர்சனல் லோனையும் கிரெடிட் கார்டையும் கூவி விற்றார்கள். சம்பளச் சீட்டு நகலும் இரண்டு போட்டோவும் போதும். 2008-ல் உலகம் முழுக்க நெருக்கடி வந்ததும் அதே வங்கிகள் அடமானம் இல்லாத கடனிலிருந்து அவசரமாகக் கை எடுத்துக்கொண்டன. அப்பா வேலை பார்த்த மில்லிலும் அப்போது ஷிப்ட் குறைந்தது. கடன் வாங்கியிருக்க மாட்டார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் பெட்டியைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அப்பாவின் தகரப் பெட்டியில் அந்த வங்கியின் பெயர் போட்ட சில ஸ்டேட்மென்ட்கள் இருந்தன. கடைசியாகத் தவணை கட்டியது 2009-ல். அதற்குப் பிறகு காகிதம் ஏதும் இல்லை. அப்பா அதை முடித்தாரா, பாதியில் விட்டாரா என்பது தெரியவில்லை. ஆனால் அதே பெட்டியில் வேறொரு காகிதம் கிடைத்தது. சட்டப் புத்தகம் சொல்லித் தருவதை அந்த ஒரு தாள் எனக்குச் சொல்லித் தந்தது.

அது ஒரு பழைய புரோநோட்டு. 1994 ஜனவரியில், அத்தை கல்யாணத்துக்காக விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் அப்பா 12,000 ரூபாய் வாங்கியிருக்கிறார், இரண்டு வட்டிக்கு. மேலே ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்த இடம் கிழிக்கப்பட்டிருக்கிறது. கடன் தீர்ந்ததும் கையெழுத்துள்ள பகுதியைக் கிழித்துத் தாளைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கம். அது 2001-ல் தீர்ந்திருக்கிறது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது தாளின் பின்பக்கத்தை. அங்கே அப்பாவின் கையெழுத்தில் இரண்டு வரிகள். 1996 டிசம்பரில் 500 ரூபாய் வரவு. 1999 நவம்பரில் 1,000 ரூபாய் வரவு. இரண்டின் கீழும் தேதியும் ஒப்பமும்.

ஊர்ப்பக்கம் கொடுக்கல் வாங்கலில் இருக்கிற எல்லோருக்கும் இந்த வரவு எதற்கு என்று தெரியும். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடவில்லையென்றால் நோட்டு செத்துவிடும். அதனால் மூன்று வருஷம் முடியப்போகிறது என்றால் கடன் கொடுத்தவர் வீடு தேடி வந்து, "ஒரு நூறு ரூபாயாவது வரவு வை அப்பு" என்று கேட்டு, வாங்கினவர் கையாலேயே பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்வார். எழுதிய தேதியிலிருந்து மீண்டும் மூன்று வருஷம். 1994 ஜனவரி நோட்டுக்கு 1996 டிசம்பரில் வரவு, அதற்கு 1999 நவம்பரில் வரவு. ஜவுளிக்கடைக்காரர் ஒரு தடவைகூடத் தேதியைத் தவறவிடவில்லை.

இதைத்தான் 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் சொல்கிறது. அடமானம் இல்லாத சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம். அந்தக் காலத்துக்குள் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் பிரிவு 18-ன்படி காலம் புதிதாகத் தொடங்கும். அந்தக் காலத்துக்குள் ஒரு பகுதியைக் கட்டி, கட்டியதற்கு அவர் கைப்பட எழுதியதோ கையொப்பமோ இருந்தால் பிரிவு 19-ன்படி புதிதாகத் தொடங்கும். "காலத்துக்குள்" என்பது இங்கே முக்கியம். மூன்று வருஷம் முடிந்த பிறகு வரவு வைத்தால் செத்த நோட்டு இந்தப் பிரிவுகளால் பிழைக்காது.

காலம் கடந்து வழக்குப் போட்டால், எதிராளி வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தானாகவே தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 3. அப்பாவின் வங்கிக் கடனில் கடைசித் தவணை 2009. கணக்குப் போட்டுப் பார்த்தால் 2012-லேயே காலம் முடிந்தது, அப்பா உயிரோடு இருக்கும்போதே.

அப்படியென்றால் கடனே இல்லையா? அதுவும் இல்லை. 1957-ல் பம்பாய் டையிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: காலம் கடந்தால் வழக்குப் போடும் வழிதான் அடைபடுகிறது, கடன் அழிவதில்லை. அதனால்தான் பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் ஒருவர் போன் செய்து "கட்டுங்கள்" என்று கேட்க முடிகிறது. கேட்பது குற்றமில்லை. வழக்கு, ஜப்தி என்று மிரட்டிக் கேட்பதுதான் பொய்.

ஆபத்தான இடம் வேறு ஒன்று இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 25-ல் மூன்றாவது உட்பிரிவு. காலாவதியான கடனைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம். முழுத் தொகைக்கு எழுதினாலும் சரி, ஒரு பகுதிக்கு எழுதினாலும் சரி. அதாவது, நோட்டு செத்தே போயிருந்தாலும் உங்கள் ஒரு கையெழுத்து அதற்குப் புது உயிர் கொடுக்கும். டோக்கன் ஐயாயிரம் கட்டச் சொல்வதன் நோக்கம் அந்த ஐயாயிரம் இல்லை என்று எங்கள் தெரு வக்கீல் அண்ணன் சொன்னார். "காசு வந்ததும் ஒரு பாரம் அனுப்புவாங்க. மீதியை இத்தனை தவணையில கட்டுறேன்னு அதுல இருக்கும். காசு கட்டுன கை அதையும் கையெழுத்துப் போட்டுரும். அதுதான் அவங்களுக்கு வேணும்."

அம்மா எழுதி வைத்த யுபிஐ எண் இருந்த காலண்டர் தாளை அன்றே கிழித்து நான் எடுத்துக்கொண்டேன். புகார் செய்ய நேர்ந்தால் அது பயன்படும்.

அடுத்த கேள்வி, அப்பா கடனை மகன் கட்ட வேண்டுமா. போனில் பேசியவர் "சட்டமே இருக்கு" என்றது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அது உறைத்தது. தந்தை, பாட்டன் பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற கொள்கை பழைய இந்து சட்டத்தில் இருந்தது. நீதிமன்றங்களும் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த அதே திருத்தம்தான். பெண்களுக்குப் பங்கு தந்த செய்தி எல்லோருக்கும் தெரியும், இது தெரியாது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2005 செப்டம்பர் 9. அதற்குப் பிறகு வாங்கிய கடனுக்குப் புனிதக் கடமை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மகன் மீதோ பேரன் மீதோ போக முடியாது. அப்பாவின் கடன் 2007.

மகன் கட்ட வேண்டியதில்லை என்றாலும் அப்பா விட்டுச்சென்ற சொத்து தப்பிவிடுவதில்லை. இறந்தவரின் கடனுக்கு அவர் சொத்திலிருந்து, வாரிசு கைக்கு வந்த அளவுக்கு மட்டும் வசூலிக்கலாம். வாரிசின் சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. எங்கள் வீடு அப்பா பெயரில் இருந்து எங்களுக்கு வந்தது. ஆகவே "நான் வாரிசுதானே, எனக்குப் பொறுப்பில்லை" என்று மட்டும் சொல்லி நாங்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. எங்களைக் காப்பது காலவரையறைதான். உங்கள் வீட்டில் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கூட்டுக் கடனாளியாக இருந்தாலோ கதை வேறு. அப்போது அது உங்கள் சொந்தப் பொறுப்பு.

வேறு சில இடங்களிலும் கணக்கு மாறும். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன் என்றால் மூன்று வருஷம் இல்லை, பன்னிரண்டு வருஷம். நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பாணை கொடுத்துவிட்டிருந்தால் அதை நிறைவேற்றவும் பன்னிரண்டு வருஷம். இதைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. பழைய வாடகை வீட்டு முகவரிக்குச் சம்மன் போய், யாரும் ஆஜராகாமல், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருக்கலாம். அதனால் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அப்பா பெயரைத் தமிழ்ப் பெயரின் எல்லா ஆங்கில எழுத்துக்கூட்டல்களிலும் போட்டுத் தேடினேன். பழைய வழக்கு எல்லாமே அதில் ஏறியிருக்கும் என்று நம்ப முடியாது என்பதால் வக்கீல் அண்ணன் நேரிலும் பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொன்று, கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018, 2019-ல் நின்றுபோன கடன் உள்ளவர்கள் மூன்று வருஷம் முடிந்துவிட்டது என்று அவசரப்படாமல் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இனி, போன் செய்தது யார் என்பது. கடன் கொடுத்த வங்கி இல்லை. நாங்கள் பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனம். வங்கிகள் வராக்கடனைத் தங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடும். "ரைட் ஆஃப்" என்பார்கள். தள்ளுபடி என்று நாம் நினைக்கிறோம், அது தள்ளுபடி இல்லை. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கும். பிறகு ஆயிரக்கணக்கான கணக்குகளை மொத்தமாகக் கட்டி, சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் என்ற வகையைச் சேர்ந்த நிறுவனங்களுக்கு முகத் தொகையைவிடக் குறைந்த விலைக்கு விற்கும். 2002-ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டம் இதற்கு இடம் தருகிறது. இந்த நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே இருக்கிறது. வாங்கிய நிறுவனம் வசூலை இன்னொரு ஏஜென்சியிடம் கொடுக்கும். அம்மாவிடம் பேசியவர் அந்த மூன்றாவது படியில் உட்கார்ந்திருப்பவர். அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பெயர், பழைய முகவரி, தொகை, போன் எண் உள்ள ஒரு வரி மட்டும்தான்.

கை மாறியதால் கடனுக்குப் புது ஆயுள் வருவதில்லை. வங்கிக்கு இல்லாத உரிமை அதனிடம் வாங்கியவருக்கும் வராது. 2012-ல் காலாவதியானதை 2020-ல் ஒருவர் வாங்கினாலும் அது காலாவதியானதுதான். பிழைப்புக்காக இந்த வேலைக்கு வந்து நாள் முழுக்க ஏச்சு வாங்கும் பையன்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் "தெருவில் நாலு பேரு கேட்பாங்க" என்று பேசச் சொல்லிக்கொடுத்தவர்கள்மேல் எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது.

நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம். முதல் வரியே இதுதான்: "இந்தக் கடிதம் எந்தக் கடனையும் ஒப்புக்கொள்வதாகவோ, கட்டுவதாக உறுதி தருவதாகவோ ஆகாது." அதன் பிறகு கேள்விகள். கடன் ஒப்பந்தத்தின் நகல், முதல் நாளிலிருந்து முழுக் கணக்கு, கடைசியாகப் பணம் வரவான தேதி, வங்கி உங்களுக்கு விற்ற ஆவணத்தில் இந்தக் கணக்கு இருக்கும் பக்கம், போன் செய்த ஏஜென்சிக்கு நீங்கள் கொடுத்த அதிகாரக் கடிதம், வழக்கு ஏதும் போட்டிருந்தால் அதன் எண். இனி எதுவானாலும் இந்த முகவரிக்கு எழுத்தில் மட்டும் என்று முடித்து, நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கும் அதன் குறைதீர் அதிகாரிக்கும், மூலக் கடன் கொடுத்த வங்கிக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம். குறைதீர் அதிகாரியின் பெயரும் எண்ணும் கடனாளிக்கு அனுப்பும் கடிதங்களில் இருக்க வேண்டும் என்பது 2020-ல் ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களுக்கு வகுத்த நெறிமுறையிலேயே உள்ளது. அம்மா கையெழுத்து வேண்டாம், நான் போடுகிறேன் என்றேன். வக்கீல் அண்ணனும் அதுதான் சரி என்றார். வாரிசு என்று மட்டும் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டேன்.

பதில் வருவதற்குள் போன்கள் தொடர்ந்தன. தம்பியின் அலுவலகத்துக்கே ஒரு அழைப்பு போனது. இதற்கும் விதி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையின்படி, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அவர்களின் வசூல் ஏஜென்ட்களும் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடன் விஷயமாக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களையும் அந்தச் சுற்றறிக்கை விட்டுவைக்கவில்லை. தம்பி ஒவ்வொரு அழைப்பின் தேதி, நேரம், எண், பேசிய ஆள் சொன்ன பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினான். "உங்கள் அழைப்பைப் பதிவு செய்கிறேன்" என்று சொன்னதும் பேச்சின் தொனி இறங்கியது. வங்கி, நிதி நிறுவனம் என்றால் முதலில் அவர்களிடம் புகார் செய்து, முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விளக்கம் வேண்டுமென்றால் 14448. தனி ஆள் யுபிஐக்குப் பணம் போய்விட்டது, மோசடி என்று தோன்றுகிறது என்றால் தாமதிக்காமல் 1930.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு "லோக் அதாலத் நோட்டீஸ்" என்று ஒரு படம் வந்தது. மேலே சிங்கமுகச் சின்னம், கீழே சிவப்பு எழுத்தில் தேதி. அம்மா அன்று சாப்பிடவில்லை. வழக்குப் போடுவதற்கு முந்தைய நிலையில் லோக் அதாலத்துக்கு அழைப்பது உண்மையிலேயே நடக்கிற விஷயம்தான். அது சமரசத்துக்கான அழைப்பு. போகாததால் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். ஆனால் அங்கே போய்ச் சமரசத்தில் கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே போனாலும் யோசித்துத்தான் போக வேண்டும். வந்தது உண்மையான நோட்டீஸா என்று தெரிந்துகொள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். அது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தாளைப் பார்த்தவர், தங்கள் பதிவேட்டில் அப்படி ஒரு மனுவே இல்லை என்றார். அங்கே நாங்கள் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயத்தை எல்லா அம்மாக்களுக்கும் சொல்ல வேண்டும். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற பயத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் படத்தைப் புறக்கணிக்கலாம், நீதிமன்றத்திலிருந்து முறையாக வரும் சம்மனைப் புறக்கணிக்கவே கூடாது. "காலாவதியான கடன்தானே, ஜட்ஜே தள்ளிவிடுவார்" என்று வீட்டில் இருந்துவிட்டால், கடைசித் தவணை எப்போது கட்டியது என்பதை எதிர்த்தரப்பு தன் வசதிக்குச் சொல்லும், மறுக்க ஆள் இருக்காது. ஆஜராகி, எழுத்தில் பதில் போட்டு, காலவரையறையைச் சொல்ல வேண்டும்.

சிபில் பயமும் காட்டினார்கள், "பையனோட சிபில் போயிடும்" என்று. அப்பா கடன் மகனின் அறிக்கையில் ஏற வழியே இல்லை, மகன் கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ இருந்தால் தவிர. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நான்குமே வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நானும் தம்பியும் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. தவறாக ஏதாவது ஏறியிருந்தால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். முப்பது நாளில் தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது.

கடைசியில் நிறுவனத்தின் பதில் வந்தது. ஒரே ஒரு தாள். நாங்கள் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டின் முகவரி. கணக்கு தொடங்கும் தேதியே அவர்கள் வங்கியிடமிருந்து வாங்கிய தேதிதான். அதற்கு முந்தைய கணக்கு இல்லை. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற பிரிவும் இல்லை. கடைசி வரவுத் தேதி என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒப்பந்த நகலும் இல்லை, யார் கையெழுத்தும் இல்லை. ஜவுளிக்கடைக்காரர் 12,000 ரூபாய்க்குப் பின்பக்கம் வைத்திருந்த கணக்கு இதைவிட நேர்மையானது. அந்தத் தாளோடு ஒரு போனும் வந்தது: 3,84,000 வேண்டாம், இந்த வாரத்துக்குள் 38,000 கட்டினால் போதும். ஒரு மூச்சில் பத்தில் ஒன்றாகும் தொகையை எந்த அடிப்படையில் கேட்டார்கள் என்று நான் திருப்பிக் கேட்டபோது பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் 2009-க்குப் பிறகு வரவும் இல்லை, எழுத்து ஒப்புதலும் இல்லை, 2012-ல் காலம் கடந்துவிட்டது, இனி அழைத்தால் காவல்துறையிலும் ரிசர்வ் வங்கியிலும் புகார் செய்வோம் என்று எழுதினோம். அதன் பிறகு அழைப்பு இல்லை.

எனக்கு இதோடு முடிந்தது. அம்மாவுக்கு முடியவில்லை. "சட்டப்படி கட்ட வேண்டாம்னு சொல்ற, சரி. அவரு வாங்கியிருந்தா?" என்றாள். இதைச் சின்னக் கேள்வியாக நான் நினைக்கவில்லை. வாங்கியதைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அப்பா மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை தானே உட்கார்ந்து வரவு எழுதினார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை அந்தக் கிழிந்த நோட்டைவிட யாரும் எனக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் ஜவுளிக்கடைக்காரரிடம் அப்பாவின் தாள் இருந்தது. போனில் பேசியவரிடம் எதுவும் இல்லை. எதையும் காட்டாதவனுக்குக் கொடுக்கும் பணம் அப்பாவின் கடனைத் தீர்ப்பதாகவும் ஆகாது. நாளைக்கு அதே பட்டியலை இன்னொருவன் வாங்கிக்கொண்டு அதே எண்ணுக்கு மறுபடி போன் செய்வான். இதை நான் அம்மாவிடம் பல தடவை, வேறு வேறு விதமாகச் சொன்னேன்.

பேசிப் பேசி அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். "அவரு கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டட்டும். எவ்வளவு வாங்குனாரு, எவ்வளவு கட்டுனாருன்னு கணக்கைக் காட்டட்டும். மீதி அசல் எதுவோ அதை நான் என் பென்ஷன்ல இருந்து கட்டுறேன். வட்டி, அபராதம்னு பேசக் கூடாது." நானும் தம்பியும் ஒத்துக்கொண்டோம். அப்படி அவர்கள் காட்டினால், முதலில் அவர்கள் லெட்டர்ஹெட்டில் தொகையையும் கணக்கு எண்ணையும் குறிப்பிட்டு, இதுவே முழுமையான இறுதித் தீர்வு, வாரிசுகள்மேல் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்குவோம். வக்கீல் அண்ணன் படித்துப் பார்த்த பிறகே நிறுவனத்தின் பெயருக்கு டிமாண்ட் டிராஃப்ட் எடுப்போம், ஒரே தவணையில். அடுத்து பாக்கி இல்லை என்ற சான்றிதழ். கேட்ட தாள் இன்று வரை வரவில்லை.